மேலிருந்து மூன்றாவது

1

போன வாரம் ஊரிலிருந்து மிக்கேல் பேசினான். என் மனைவி சகாயத்தின் தம்பி. கடியப்பட்டணத்தில் மீன் ஏற்றும் வேன் வைத்திருக்கிறான். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே சண்டையைத் தொடங்கிவிடுவது அவன் வழக்கம்.

"அத்தான், பிரின்சி கனடாக்குப் போயி ஒரு வருசம் ஆச்சாமே. அக்கா இப்பதான் சொல்லுதா. எனக்கிட்ட என்னத்துக்கு ஒளிச்சு வச்சீங்க?"

"ஒளிக்கல்லாம் இல்ல மிக்கேலு. சொல்ல வரல, அவ்வளவுதான்."

"அங்க எவனோ செயிச்சானாம், அதுக்கு நம்ம பிள்ள பெட்டியத் தூக்குவாளாம். நல்ல கதையா இருக்கே! இங்க எத்தன பேரு செயிச்சான், எத்தன பேரு தோத்தான். நம்ம எங்கயாவது போனோமா?"

"போனோமே. நீ தம்மாம் போன, நான் பஹ்ரைன் போனேன்."

"அது பிழைக்கப் போனது அத்தான். கோவிச்சிட்டா போனோம்?"

போனில் எனக்குப் பேச வராது. எதிரில் ஆள் நின்றாலும் வராது. எழுதினால் கொஞ்சம் வரும். பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்த காலத்தில் சகாயத்துக்கு வாரம் ஒரு கடிதம் எழுதிப் பழகிய கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதால் பிழைகள் இருக்கும். மிக்கேலுக்கும், அவன் சொல்லிக் கேட்கப்போகிற ஊராருக்கும் இதை எழுதுகிறேன்.

மகள் போவாளா, இருப்பாளா என்று நாங்கள் காத்திருந்த நாலு மாதமும் நான் அவளிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். அதையும் சேர்த்து எழுதினால்தான் இது முழுதாகும்.

2

நாங்கள் கலிஃபோர்னியா வந்தது 2005-இல். சகாயம் நர்ஸ். அவள் பரீட்சை எழுதி வாங்கிய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் மகள் பிரின்சியும் வந்தோம். எல்லாப் படிவத்திலும் அவள் பெயருக்கு நேரே 'விண்ணப்பதாரர்' என்றும், என் பெயருக்கு நேரே 'அவரைச் சார்ந்தவர்' என்றும் இருக்கும். பதினொரு வயது பிரின்சிக்கும் எனக்கும் ஒரே கட்டம்தான்.

ஒரு சீனக்காரர் நடத்தும் பெரிய கடையில் மீன் வெட்டும் வேலை கிடைத்தது. கடலில் பிடித்தவனுக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று வெட்டுவது கஷ்டமில்லை. ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன், தலையில் வலைத் தொப்பி. வருகிறவர்கள் எண் சீட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மூன்று ஆங்கிலக் கேள்விகள் தெரிந்தால் போதும்: தலை வேண்டுமா, செதில் எடுக்கவா, எத்தனை துண்டு. பிரின்சி ஒரு வருஷத்தில் இங்கத்துப் பிள்ளைகளைப் போலப் பேசத் தொடங்கினாள். நான் பத்து வருஷம் அந்த மூன்று கேள்விகளுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் நம் ஊர் கம்ப்யூட்டர் பையன்கள் கூட்டமாக வருவார்கள். தொப்பியையும் நிறத்தையும் பார்த்து என்னை மெக்சிகோக்காரன் என்று நினைப்பார்கள். என் முன்னாலேயே தமிழில் பேசிக்கொள்வார்கள்.

"இந்த ஆளுக்கு ஒழுங்கா வெட்டத் தெரியுமாடா?"

"கையப் பாரு, தெரியும் போல."

நான் வாய் திறந்ததில்லை. திறந்தால் எந்த ஊர், என்ன படிப்பு, எப்படி வந்தீர்கள் என்று கேள்விகள் வரும். பேசாமல் இருப்பது எளிது. தமிழைக் கேட்டுக்கொண்டே வெட்டுவேன். என்னிடம் பேசாவிட்டாலும் என் முன்னால் பேசப்படும் அந்தத் தமிழுக்காக நான் சனிக்கிழமைகளில் விடுப்பு எடுப்பதில்லை.

ஒரே ஒரு முறை வாய் தவறியது. இரண்டு பேர் நெய்மீன் வேறா, வஞ்சிரம் வேறா என்று கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, எடுத்துட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டேன். ஒருவன் ஓடிப்போனான். மற்றவன் நின்று, "அடக் கடவுளே, போன மாசம் உங்களைப் பத்தி ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா?" என்று கேட்டான். அவன்தான் முரளி, கோயம்புத்தூர்க்காரன். பிறகு பார்த்தால் பிரின்சி சேர்ந்த அதே ஆபீஸில் வேலை செய்கிறவன். அப்படித்தான் வீட்டுக்கு வந்து போகிறவனானான்.

2016 நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு அந்த வரிசையில் பேச்சு மாறிவிட்டது. கிரிக்கெட் போய்விட்டது, சினிமா போய்விட்டது. எல்லோரும் கனடாவைப் பேசினார்கள். வான்கூவரில் மழை, டொரண்டோவில் பனி, சம்பளம் குறையும், ஆனால் நிம்மதி. விசா புதுப்பிக்காவிட்டால் என்ன செய்வது, இப்போதே போனால் நல்லதா, ஆறு மாதம் பொறுக்கலாமா. யார் போவான், யார் வெறுமனே பேசுவான் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு வேண்டிய மீனை வாங்கி ஃப்ரீஸருக்கு வெட்டச் சொல்கிறவன் போகமாட்டான்.

என் மகள் அந்த மாதங்களில் எங்கள் வீட்டிலிருந்து மீன் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டிருந்தாள்.

3

இனி நான் மறைத்த விஷயம்.

அந்த வருஷம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்கான பரீட்சையின் நூறு கேள்விகளைச் சகாயம் தன் குரலில் போனில் பதிவு செய்து தந்தாள். மீன் வெட்டும்போது காதில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் முறை போனபோது அதிகாரி, இன்று எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் 'அரசியல் சட்டம்' என்று பதில் சொன்னேன். இரண்டாவது முறை தேறினேன்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பிரின்சி சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்திருந்தாள். தபாலில் வந்த வாக்குச் சீட்டை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து நிரப்பினாள்.

"எப்பா, உங்களுக்கும் அம்மாக்கு வந்த மாதிரி தபால்ல வரவச்சிருக்கலாம்."

"ஓட்டுன்னா நேர போயிப் போடணும் மக்ளே. தபால்ல அனுப்ப அது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

அவள் சிரித்துவிட்டு ஒரு பெயரின் மேல் பேனாவை வைத்துக் காட்டினாள். "இங்கதான். பக்கத்துல இருக்க வட்டத்தக் கறுப்பா நிரப்பணும்."

நான் பெயரைப் பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டேன். மேலிருந்து மூன்றாவது.

நம் கரையில் ஓட்டு எப்படிப் போடுவோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னத்தைப் பார்க்கலாம்தான். ஆனால் சுயேச்சைகளின் சின்னங்களும் கலந்து கிடக்கும். உப்புக் காற்றில் கண் மங்கியவர்களுக்குப் படம் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அதனால் கமிட்டிக்காரர்கள் வந்து எண்ணிக்கை சொல்லிவிட்டுப் போவார்கள். "மேலேருந்து நாலாவது பட்டன். அமுக்கு, சத்தம் கேட்டா வந்துரு." அந்த ஒரு நாள் கடியப்பட்டணம் முழுவதும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு திரியும். நான் ஊரில் கடைசியாக ஓட்டுப் போட்டது 2004-இல். அன்றும் எண்ணித்தான் போட்டேன். தப்பியதில்லை. எந்தப் பூத்துக்குப் போனாலும் வரிசை ஒன்றுதானே.

இங்கே எங்கள் வாக்குச் சாவடி ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் இருந்தது. போலீஸ் இல்லை, கூட்டம் இல்லை. சைக்கிளும் புல் வெட்டும் இயந்திரமும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு வட இந்திய அம்மாள் என்னைப் பார்த்ததும் உதவி வேண்டுமா என்று இந்தியில் கேட்டார். பஹ்ரைன் புண்ணியத்தில் புரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். உதவி கேட்க என்ன இருக்கிறது, எனக்குத்தான் எண் தெரியுமே. படிக்கிற கண்ணாடியைக்கூட வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

சீட்டு துணி விரிப்பு அளவுக்கு இருந்தது. நீதிபதி, பள்ளிக்கூடக் குழு, வரி, இன்னும் என்னென்னவோ. எங்கேயும் ஒரு படம் இல்லை. முதல் கட்டத்தை மட்டும் தேடி, விரலை வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. வட்டத்தை வெளியே போகாமல் கறுப்பாக நிரப்பினேன். மற்றதை எல்லாம் தொடவில்லை. வெளியே வரும்போது மை வைப்பதற்காக இடது கையை நீட்டினேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு விரல் நுனியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம். ஒரு நாட்டில் எனக்கும் ஒரு குரல் உண்டு என்பது போல ஒரு நடை வந்திருந்தது.

மறுநாள் காலையில் பிரின்சி போனில் அழுதாள். முடிவு வந்துவிட்டது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஆகாது என்று பேசியவர், அவளுக்கு ஆகாதவர், ஜெயித்திருந்தார்.

"அழாத மக்ளே. நம்ம போட வேண்டியதப் போட்டோம்."

"தெரியும்ப்பா. நம்ம வீட்டு மூணு ஓட்டாவது சரியாப் போச்சே."

4

இரண்டு நாள் கழித்து அடுக்களைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம். தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்த 'மாதிரி வாக்குச் சீட்டு' புத்தகத்தைக் கிழித்துக் கீழே விரித்திருந்தேன். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன். கட்டம் அதேதான். ஆனால் மூன்றாவது இடத்தில் இருந்த எழுத்துகள் தொலைக்காட்சியில் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த பெயரைப் போல இருந்தன.

"சகாயம், இது நம்ம ஏரியாக்குள்ளதுதானா?"

"ஆமா. மேல அட்ரஸ் இருக்கே."

"மூணாவது யாருன்னு வாசி."

வாசித்தாள். ஜெயித்தவரின் பெயர்.

"பிரின்சிக்க பேப்பர்ல மூணாவது வேற ஆளுல்லா?"

"அது அவ ஏரியா. இங்க வரிசைய ஏரியாக்கு ஏரியா மாத்துவாங்க. மேல இருக்கவனுக்கு சும்மா நாலு ஓட்டு கூடுதலா விழக்கூடாதுன்னு. ஏன் கேக்குதீங்க?" என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "நீங்க பேர வாசிச்சுத்தானே போட்டீங்க?"

"எண்ணிப் போட்டேன்."

அவள் கையிலிருந்த சாளையை வைத்தாள். முதலில் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். "கடல் தாண்டி வந்தும் கடியப்பட்டணத்துக்காரன் மேலேருந்து எண்ணிட்டுல்லா இருக்கான்!" பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளைட்ட சொல்லாண்டாம் கேட்டீங்களா. இப்ப இருக்க இருப்புல அவ தாங்கமாட்டா. அந்தக் கோவத்துலயே கனடாக்குப் போயிருவா."

அந்தத் தாளைச் செதிலோடு சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

5

பிரின்சி அப்போதுதான் கனடாவைப் பேச ஆரம்பித்திருந்தாள். பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவன் வண்டிக் கண்ணாடியை இறக்கி, உன் நாட்டுக்குப் போ என்று கத்தியிருக்கிறான். அவளுக்கு வேறு எந்த நாடும் தன் நாடாகத் தோன்றவில்லை. கனவுகூட ஆங்கிலத்தில்தான் வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். அவள் கம்பெனிக்கு வான்கூவரில் ஒரு ஆபீஸ் உண்டு. போக விரும்புகிறவர்கள் மார்ச் கடைசிக்குள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முரளியும் சாப்பிட வந்திருந்தான்.

"எனக்குப் போறதுக்குக் காரணம் இருக்குதுங்க அங்கிள். விசாவ நீட்டலைன்னா மூட்டையக் கட்டணும். இவளுக்கு என்னுங்க? பாஸ்போர்ட்டே வச்சிருக்கறா" என்றான்.

"பாஸ்போர்ட்ட நெத்தில ஒட்டிட்டா நடக்க முடியும்?" என்றாள் பிரின்சி.

"ஏட்டி, கனடால மட்டும் உனக்கு மாலை வாங்கி வச்சிட்டா நிக்கானுவ?" என்று சகாயம் கேட்டாள். "அங்கயும் மனுசன்தான் இருக்கான்."

"இருக்கட்டும்மா. ஆனா அங்க ஒருத்தனும் எனக்கு எதிரா இந்த ஓட்டப் போடலையே."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சகாயம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"எப்பா, உங்களுக்குப் புரியுதா? நாட்ல பாதிப் பேரு. ரயில்ல பக்கத்துல உக்காந்திருக்கவன், காப்பி போட்டுத் தாறவன். யாரு போட்டா, யாரு போடலன்னு ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டே நடக்கேன். அதுதான் முடியல."

அன்று அவள் கிளம்பும்வரை அவள் முகத்தை நேரே பார்க்க என்னால் ஆகவில்லை. முரளி எழுந்து கை கழுவும்போது மெல்லச் சொன்னான்: "அங்கிள், அவ போகமாட்டா. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க." அவன் வரிசையில் நிற்கும் பையன்களை அறிவான். என் மகளை அறியான்.

நான் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஒருவேளை இருப்பாள். ஆனால் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைதோறும் என் எதிரில் உட்கார்ந்து, தான் தேடும் முகங்களில் ஒன்று இது என்று தெரியாமல் சாப்பிடுவாள். ஒரு கை விரல் செய்த பிழை என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்ரோல் பம்பில் கத்தியவனும் நானும் ஒரே வட்டத்தைத்தான் நிரப்பியிருக்கிறோம்.

தவக்காலம் தொடங்கியதும், செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இங்கே பங்குச் சாமியார் வயதான பிலிப்பைன்ஸ்காரர். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். முழங்காலில் நின்றதும் இரண்டும் மறந்துவிட்டன. தமிழிலேயே சொன்னேன். கார் கொட்டகை, மூன்றாவது வட்டம், மகள், எல்லாவற்றையும். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் லேசாக இருந்தது. அப்புறம் பாரம் பழையபடி ஏறிக்கொண்டது. சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லையே.

6

மார்ச் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். சீட்டை நீட்டிக்கொண்டு நின்றது பிரின்சி. ஆபீஸ் உடுப்பில் இருந்தாள். வேலை நாளில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறாள். என் கடைக்கு அவள் வந்தது அதுதான் முதல் முறை.

"என்ன மக்ளே?"

"எப்பா, இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள பேரு குடுக்கணும். அம்மாட்ட கேட்டா போவாண்டாம்னுதான் சொல்லுவா. அதனால உங்ககிட்ட கேக்க வந்தேன். நீங்க சொல்லுங்க. நீங்க இருன்னா நான் இருக்கேன்."

அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் சீட்டோடு நின்றார்கள். பக்கத்து மேசைக்காரனிடம் கையைக் காட்டிவிட்டுப் பின்கட்டுக்கு அவளை அழைத்துப்போனேன். லாரியிலிருந்து இறக்கிய தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றைக் கவிழ்த்து அவளை உட்காரச் சொன்னேன். ஐஸ் தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலணி நனையாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. கையுறையைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"மக்ளே, நான் ஓட்ட மாத்திப் போட்டுட்டேன்."

அவளுக்கு விளங்கவில்லை. அவள் எங்கள் மேசையில் பேனாவை வைத்துக் காட்டியது, நான் எண்ணியது, கண்ணாடி வண்டியில் கிடந்தது, சாளை ஆய்ந்தபோது கண்டது, அம்மா சொல்லக் கூடாது என்றது என எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது வாழ்நாளில் அன்றுதான்.

பிரின்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்து நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள்.

"எப்பா! நாலு மாசமா இதையா வச்சிட்டு இருந்தீங்க?"

அங்கேயே முரளிக்குப் போன் போட்டாள். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னாள். நடுவில் 'மேலேருந்து மூணாவது' மட்டும் தமிழில் வந்தது. அந்தப் பக்கம் முரளியும் இன்னும் யாரோ சிலரும் சிரிப்பது கேட்டது. அவள் போனை என் பக்கம் நீட்டினாள்.

"அங்கிள், கவலையே படாதீங்க. கலிஃபோர்னியாவுல உங்க ஓட்டு எங்கயும் போய்ச் சேரலைங்க. இங்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கணக்குங்க, நம்ம மாநிலத்துல அவருதான் தோத்துட்டாருங்களே. நீங்க போட்டதும் போடாததும் ஒண்ணுதானுங்க."

ஆறுதலுக்காகத்தான் சொன்னான். நல்ல பையன்.

பிரின்சி எழுந்து என் வலைத் தொப்பியின் மேல் முத்தம் கொடுத்தாள். மீன் வாடை அடிக்கும் என்று நான் விலகினேன். கொஞ்ச நேரம் நின்றாள். நானும் நின்றேன். மணியைப் பார்த்தாள். "சரிப்பா, வாறேன்" என்றாள். நான் மேசைக்குத் திரும்பி வந்து பார்த்தபோது வரிசை இரண்டு மடங்காகியிருந்தது. மாலையில் அவள் பெயர் கொடுத்துவிட்டதாகச் சகாயத்துக்குச் செய்தி வந்தது.

முரளி போகவில்லை. அவன் விசா நீண்டுவிட்டது. இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறான். ஃப்ரீஸருக்கு வெட்டச் சொல்கிறான்.

ஏப்ரல் நடுவில் ஒரு காலையில் பிரின்சி எங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பினாள். இரண்டு நாள் பாதை. பின் இருக்கை முழுக்கப் பெட்டிகள். சகாயம் அழுதுவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டாள். நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்பா."

"என்ன மக்ளே?"

"அன்னைக்கு உங்க கடைல நான் ஒண்ணு கேட்டேன். நீங்க வேற என்னத்தையோ சொன்னீங்க."

அந்தப் பின்கட்டும் தெர்மாகோல் பெட்டியும் கண் முன்னால் வந்தன. அவள் கேட்டதற்கு ஒரே ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதைக் கேட்கத்தான் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறாள். நான் நாலு மாதம் நெஞ்சுக்குள் வைத்துப் பழுக்கவிட்டது வேறொன்று. அதை இறக்கி வைத்த லேசில், அவள் கேட்டதையே மறந்துபோயிருக்கிறேன்.

அப்போதும் நேரம் இருந்தது. வண்டி கிளம்பவில்லை.

"போற வழில ஒரிகன் மலைல பனி கிடக்கும் மக்ளே" என்றேன். "வெளிச்சத்துலயே தாண்டிரு."

அவள் ஸ்டியரிங் வளையத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று பார்த்திருப்பாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.